நாலு இடத்து மஞ்சள்

விண்ணப்பத்தின் பதினோராவது கட்டத்துக்கு வந்தபோதுதான் பாஞ்சாலையை நான் நிமிர்ந்து பார்த்தேன். அதுவரை எல்லாக் கேள்விக்கும் அவருடைய அம்மா ஆதிலட்சுமியே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

1981-ஆம் வருடம், ஐப்பசி மாதம். திருவண்ணாமலைச் செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. நான் அங்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. மாடிப்படி ஓரம் தொங்கிய பலகையில் என் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகளை நானே பெயிண்ட் வாங்கி எழுதிவைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு மனு எழுதவும் பாரம் நிரப்பவும் ஆட்கள் வருவார்கள். அடி அண்ணாமலையிலிருந்து அம்மாவும் மகளும் வந்ததும் அப்படித்தான்.

நகரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கைவேலை ஆசிரியை வேலை காலியாக இருந்தது. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் என்று கேட்டுக் கேட்டு அடித்துக்கொண்டு வந்தேன். கணவர் பெயர் என்ற இடத்தில் மட்டும் ஆதிலட்சுமி, "அத்த உட்டுடு தம்பி" என்றார். விட்டுவிட்டேன். பதினோராவது கட்டம், கைவேலையில் முன் அனுபவம்.

"என்ன போடட்டும்?"

ஆதிலட்சுமி மகளைப் பார்த்தார். மகள் துணிப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து டைப்ரைட்டர் மேலேயே வைத்தார். இரண்டு வயதுக் குழந்தைக்கான கவுன், பாதி முடிந்திருந்தது. குரோஷா வேலை. முனையில் கொக்கி வைத்த ஒற்றை ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்துப் பின்னுவார்களே, அது. கழுத்தில் ஆரம்பித்து இடுப்பு வரை வந்து, அங்கே நூலும் ஊசியும் தொங்கிக்கொண்டிருந்தன. பூ கிடையாது, கரை கிடையாது, வெறும் வெள்ளை. ஆனால் கண்ணிகள் எல்லாம் ஒரே பக்கமாக, காற்றில் படுத்த நெல் மாதிரி, லேசாகச் சாய்ந்திருந்தன.

"இது போதுங்களா சார்?" என்றார் பாஞ்சாலை. அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"எத்தனை வருஷமா பின்றீங்க?"

"அஞ்சு. நடுவுல ஆறு மாசம் முடில."

சொல்லிவிட்டு இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். ஆள்காட்டி விரல் நடுக்கணுவில் மடங்காமல், கோணலாக நின்றது. குரோஷா பின்னுகிறவர்கள் நூலை அந்த விரலில்தான் ஓட்டுவார்கள். இவர் நடுவிரலில் ஓட்டப் பழகியிருந்தார். கண்ணிகள் சாய்ந்ததற்கும் அதுதான் காரணம்.

மகளைக் கீழே அனுப்பிவிட்டு ஆதிலட்சுமி என்னிடம் சொன்னார். "மாப்ள கதவிடுக்குல வெச்சு நசுக்கிட்டான் தம்பி. எந்நேரமும் இன்னாடி பின்றேன்னு. அன்னைக்கு வந்தவதான், ஒரு வருசமாச்சி."

அந்த ஒரு வருடம் இனி நீளாது என்பதையும் அவரே சொன்னார். பாஞ்சாலையின் அண்ணன் அருணகிரி அடி அண்ணாமலையில் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அவருக்கு இரண்டு இடத்தில் பெண் பார்த்து இரண்டும் தட்டிப்போயிருந்தது. வீட்டில் ஒரு வாழாவெட்டி இருக்கிறாள் என்பதுதான் இரண்டு இடத்திலும் வந்த பேச்சு. கீழ்பென்னாத்தூரிலிருந்து கணவன் வீட்டார் பெரியவர்களோடு வந்து கேட்டபோது அருணகிரி வாக்குக் கொடுத்துவிட்டார். இன்னும் நான்கு ஞாயிறு பார்ப்பது, அதற்குள் வேலை கிடைத்தால் தங்கை இருப்பாள். இல்லையென்றால் நாலாவது ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து அழைத்துக்கொண்டு போகலாம்.

"அனுப்பினா விரலோட நிக்காது தம்பி" என்றார் ஆதிலட்சுமி. நான் அனுபவம் என்ற கட்டத்தில் ஐந்து வருடம் என்று அடித்தேன்.

பள்ளியிலிருந்து கார்டு வருவதற்கே மூன்று ஞாயிறு போய்விட்டது. வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு நேர்காணல், சொந்தக் கையால் செய்த உடை ஒன்று கொண்டுவர வேண்டும் என்று போட்டிருந்தது. அந்த வெள்ளிக்கு இரண்டு நாள் தள்ளி நாலாவது ஞாயிறு.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். படியில் தடதடவென்று சத்தம். பாஞ்சாலை ஈரத்துணி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார். பின்னாலேயே அம்மா, அழுதுகொண்டு.

"சார், நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவருதான?"

துணியை விரித்தார். முடிந்த கவுன். கழுத்தில் ஒன்று, இரண்டு கையின் ஓரத்தில் ஒவ்வொன்று, கீழ் விளிம்பில் ஒன்று என நாலு இடத்தில் ரத்தம் கொட்டினாற்போல் சிவப்பாக இருந்தது.

"யாருக்கு அடிபட்டுது?" என்றேன்.

"யாருக்கும் இல்ல. மஞ்சளு."

புதுத்துணியை வெளியே எடுத்துக்கொண்டு போகும்முன் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைப்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. ஒரு மூலையில் பொட்டுப்போல வைப்பார்கள். ஆதிலட்சுமி, மகளின் வாழ்க்கையே இதில்தான் இருக்கிறது என்று, ஒரு இடத்துக்கு நாலு இடத்தில் குழைத்து வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வேறு. பார்த்ததும் பாஞ்சாலைக்குத் தூக்கிவாரிப்போட்டிருக்கிறது. ஓடிப்போய்ப் பார் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறார். மஞ்சள் போகவில்லை. சிவந்துவிட்டது.

"எல்லாருக்கும் வெக்கறதுதான தம்பி, நான் இன்னா புதுசாவா வெச்சேன்" என்று ஆதிலட்சுமி மூக்கைச் சிந்தினார்.

"ஒரு எடத்துல வெச்சிருந்தா நான் ஏம்மா கேக்கப்போறேன்?" என்றார் பாஞ்சாலை. குரல் உயரவில்லை.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட வந்தது. மூன்று வருடம் படித்ததற்கு ஒருவர் வந்து கேட்கிறார்! சோப்பில் காரம் இருக்கிறது, காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், புளிப்புப் பட்டால் திரும்பிவிடும் என்று சொல்லி, கீழே பெட்டிக்கடையில் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து பிழிந்தேன். கண்ணுக்கு முன்னாலேயே சிவப்பு மறைந்தது. ஆதிலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆனால் சிவப்புப் போன இடத்தில் மஞ்சள் நின்றது. எட்டணாக் காசு அளவில் வைத்த மஞ்சள், தேய்த்ததில் உள்ளங்கை அளவுக்குப் பரவியிருந்தது.

"இது எப்ப போவும்?"

"வெயில்ல போட்டா ஒரே நாள்ல மங்கிடும்."

மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தோம். மலை பாதிக்குமேல் தெரியவில்லை. மேகம் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். பிளீச்சிங் பவுடர். கிணற்றுக்குப் போட எடுத்துவைத்தது கீழே ஒரு டப்பாவில் இருந்தது. தண்ணீரில் குழைத்து வைத்தால் பத்து நிமிடத்தில் வெளுத்துவிடும் என்றேன். பாஞ்சாலை பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டு எடுத்தார். எதைப் பின்னுவதற்கு முன்னாலும் அதே நூலில் ஒரு மாதிரித் துண்டு பின்னிப் பார்ப்பது அவர் வழக்கம். "மொதல்ல இதுல வையிங்க சார்."

கொஞ்சம் கெட்டியாகவே குழைத்து வைத்தேன். துண்டு பால்போல வெளுத்தது. "பாத்தீங்களா!" என்றேன். அவர் அதைத் தண்ணீரில் அலசி, இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்தார். நடுவில் பொட்டென்று விட்டுக்கொண்டது. நூல் இத்துப்போயிருந்தது.

கவுன்மேல் வைத்திருந்தால்? டப்பாவை மூடித் தள்ளிவைத்தேன். பாஞ்சாலை அறுந்த துண்டை மடித்துப் பைக்குள் போட்டார். மணி பத்து.

"சார், மேசை வேணும். ரெண்டு மணி வரைக்கும்."

வந்திருந்த மாணவர்களை வீட்டுக்கு அனுப்பினேன்.

குரோஷாவில் பின்னியதை அவிழ்க்கலாம். ஆனால் கடைசியில் பின்னிய இடத்திலிருந்துதான் அவிழும். கீழ் விளிம்பும் கையோரங்களும் கடைசியில் முடித்தவை. அங்கே முடிச்சைத் தேடி ஊசியால் நெம்பி, சரசரவென்று உருவினார். மஞ்சள் பட்ட வரிசைகள் நூலாகி மேசையில் சுருண்டன. இரண்டு மாத வேலையின் கடைசி ஒரு வாரம் கால்மணி நேரத்தில் கலைந்தது. கழுத்தை ஒன்றும் செய்ய முடியாது. கவுனே அங்கேதான் ஆரம்பிக்கிறது. அங்கே கைவைத்தால் கவுனே இருக்காது.

உருவிய வரிசையைத் திரும்பப் பின்ன அதே வெள்ளை நூல் அவரிடம் மீதி இல்லை. என்னைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார். அந்தப் பருமனில் வெள்ளை நூல் இல்லை என்றார்கள் கடையில். நான் வெறுங்கையோடு திரும்பக்கூடாது என்று, இருந்ததில் மஞ்சளும் பச்சையும் வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மஞ்சள் நூலைப் பிரித்து, கழுத்திலிருந்த கறைமேல் வைத்துப் பார்த்தார். கறையும் நூலும் கிட்டத்தட்ட ஒரே நிறம்.

"ஆவாரம்பூ" என்றார்.

ஊசி ஓட ஆரம்பித்தது. சைக்கிள் ஸ்போக் கம்பியை அறுத்து, முனையை அரத்தால் ராவிக் கொக்கியாக்கிய ஊசி. அருணகிரி பள்ளிக்கூடத்து நாளில் தங்கைக்குச் செய்து கொடுத்தது. ஐந்து இதழ் வைத்த சின்னச் சின்னப் பூ. ஒன்றுக்கு நாலு நிமிடம். ஆதிலட்சுமி ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தில் வைத்துத் தைத்தார்.

கறை இருந்த இடத்தில் நாலு பூ வைத்ததும் மூடிவிட்டது. அதோடு நிறுத்திக்கொள்ளலாமே, நேரம் போகிறதே என்று எனக்குத் தவிப்பு. சொல்லியும்விட்டேன்.

"ஒரு பக்கம் மட்டும் வெச்சா ஒட்டுப் போட்டாப்ல இருக்கும் சார். சுத்தி வெச்சாதான் அழகுக்கு வெச்சதாட்டம் இருக்கும்" என்றார் நிமிராமலே. இன்னும் பத்துப் பூ வேண்டும்.

பன்னிரண்டு மணிக்குமேல் அருணகிரி வந்தார். தங்கையைப் பள்ளிக்கு அழைத்துப்போக சைக்கிளோடு வந்தவர், மேசையில் உருவிக் கிடந்த நூலையும் நசுங்கிய எலுமிச்சை மூடிகளையும் பார்த்தார்.

"இன்னா சார், பி.எஸ்ஸி.ல எலுமிச்சம்பழம் புழியறதுதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

நான் மூடிகளைப் பொறுக்கி எடுத்தேன்.

"இது ஆவற கதையில்ல. ஏம்மே, எழுந்திரு. எடுத்துனு போயி இன்னாத்த காட்டப்போற? சிரிப்பாங்க."

"அண்ணா, மணி எத்தினி?"

"பன்னெண்டரை."

"அப்ப ஒன்றரை மணி நேரம் கீது. கீழ போயி சைக்கிளுக்குக் காத்து அடிச்சி வை."

அருணகிரி படி வரை போய்த் திரும்பினார். "ஞாயித்துக்கெழம அவுங்க வருவாங்கமே. நான் வாக்கு குடுத்துட்டேன். அப்பால என்னெ சொல்லாத" என்றார். பிறகு கீழே இறங்கிப் போய்விட்டார். காற்று அடிக்கும் சத்தம் கேட்டது.

கையோரத்துக்கும் கீழ் விளிம்புக்கும் மஞ்சளில் இரண்டு வரிசை ஓட்டி முடிக்கும்போது மணி ஒன்று நாற்பது. கவுன் இன்னும் ஈரம். பக்கத்து லாண்டிரியில் கரி இஸ்திரிப்பெட்டி சூடாக இருந்தது. மேலே ஒரு துணி போட்டுத் தேய்த்து வாங்கி வந்தேன். மேசைமேல் விரித்தபோதுதான் அதை முழுதாகப் பார்த்தேன். முதல் தடவை வெறும் வெள்ளையாகப் பார்த்த சட்டை, கழுத்தைச் சுற்றிப் பூத்து, ஓரமெல்லாம் மஞ்சள் கட்டி, இப்போதுதான் கடையிலிருந்து வாங்கி வந்தது மாதிரி இருந்தது. அந்நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. டைப்ரைட்டர் மூடிவைக்கும் ரெக்சின் உறையில் கவுனைச் சுற்றிக் கொடுத்தேன். அண்ணன் சைக்கிளை மிதிக்க, தங்கை பின்னால் உட்கார்ந்து அதை மடியில் அணைத்துக்கொண்டு போனார். ஆதிலட்சுமியும் நானும் நனைந்துகொண்டே நடந்தோம்.

உள்ளே நடந்தது பாஞ்சாலை பிறகு சொன்னது.

மூன்று பேர் வந்திருந்தார்கள். முதலில் போன பெண் கடையில் வாங்கியதைக் கொண்டுவந்து பிடிபட்டிருந்தார். அதனால் தலைமையாசிரியை ராஜம்மாள் கோபத்தில் இருந்தார். பக்கத்தில் பள்ளி நிர்வாகி சக்கரபாணி. ராஜம்மாள் கவுனை முன்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். உடனே உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். கைவேலை தெரிந்தவர்கள் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். பூவுக்குப் பின்னால் கறை அப்படியே இருந்தது.

"சட்டை நிதானமா பண்ணின வேலை. பூ அவசரத்துல பண்ணினது. ரெண்டும் ஒரே ஆளா?"

"நாந்தாங்கம்மா. சட்டை ரெண்டு மாசம். பூ இன்னிக்குக் காலைல."

"இது என்ன கறை?"

சாயம் என்று சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியதாம். "மஞ்சளுங்கம்மா. புதுத்துணின்னு எங்கம்மா வெச்சிட்டாங்க. சோப்பு போட்டேன், செவந்துபோச்சி. எலுமிச்சம்பழம் போட்டோம். அப்பறம் பூ வெச்சேன்."

சக்கரபாணி சிரித்துவிட்டார். "அப்ப கறையை மறைக்கத்தான் இவ்ளோ ஜோடனையா?"

"மறைக்கணும்னா நாலு பூ போதுங்கய்யா. நான் பதினாலு வெச்சிருக்கேன்."

ராஜம்மாள் சிரிக்கவில்லை. அங்கேயே ஒரு பூ பின்னச் சொன்னார். பாஞ்சாலை ஸ்போக் ஊசியை எடுத்து நடுவிரலில் நூலைச் சுற்றினார்.

"நூலை ஏன் அந்த விரல்ல விடறீங்க?"

"இந்த வெரலு மடங்காதுங்க."

"என்ன ஆச்சு?"

"கதவுல மாட்டிக்கிச்சிங்க."

பூ முடிந்ததும் ராஜம்மாள் அதை வாங்கிக் கவுனுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் கண்ணி ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வு வேறு யார் கையிலும் வராது. அவர் சக்கரபாணியைப் பார்த்தார். சக்கரபாணி கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரிம்மா, போயிட்டு வா. திங்கக்கிழமை சொல்லி அனுப்பறோம்" என்றார் அவர்.

பாஞ்சாலை எழுந்தார். கதவு வரை போனார். திரும்பி, "திங்கக்கெழம நான் இருக்க மாட்டேங்கம்மா" என்றார்.

சக்கரபாணியின் முகத்தில் சிரிப்பு இல்லை. ராஜம்மாள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் தான் சொன்னது வேறு மாதிரியும் கேட்கும் என்பது பாஞ்சாலைக்கு உறைத்தது.

"ஊர்ல இருக்க மாட்டேன்னுதான் சார் சொல்ல வந்தேன்" என்று என்னிடம் சொன்னார். "ஆனா சொல்லிட்டப்பறம் திருத்தணும்னு தோணல. அங்க போனா ரெண்டும் ஒண்ணுதான."

ராஜம்மாள் அவருடைய விரலை இன்னொரு தடவை பார்த்தார். "கதவுல தானா மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார். பாஞ்சாலை விரலை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். ராஜம்மாள் பள்ளியின் பெயர் போட்ட தாளை இழுத்து எழுதத் தொடங்கினார். மூன்றாவதாக வந்த பெண்ணையும் பார்க்க வேண்டுமே என்று சக்கரபாணி முனகினார். "வரும்போதே வராண்டாவுல பாத்தாச்சு. அந்தப் பொண்ணுக்கு முடிச்சே போடத் தெரியல" என்றார் ராஜம்மாள்.

வாசலில் நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம். மூன்று மணிக்குமேல் பாஞ்சாலை வெளியே வந்து தாளை நேராக அண்ணன் கையில் கொடுத்தார். அருணகிரி அதை என்னிடம் நீட்டினார். "படி சார். அதுல டீச்சர்னு கீதா? அந்த வார்த்த கீதான்னு மட்டும் பாரு."

மூன்று மாதத்துக்குத் தற்காலிகமாகக் கைவேலை ஆசிரியையாக நியமிக்கப்படுகிறார் என்று இருந்தது.

"ஆசிரியைன்னு போட்டிருக்கு."

"அதுவும் டீச்சரும் ஒண்ணுதான?"

"ஒண்ணுதான்."

தாளை மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரிலிருந்து நாலு பேர் வந்தபோது அருணகிரி அதைத்தான் எடுத்து விரித்தார். "நீங்க தேடி வந்த ஆளு இங்க இல்ல. எங்க வூட்ல டீச்சரம்மாதான் கீறாங்க" என்றாராம். பேச்சு சாயங்காலம் வரை நீண்டது. கணவன் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனான். அடுத்த இரண்டு மாதத்தில் இரண்டு தடவை பள்ளி வாசலுக்கும் வந்தான். காவலாளி உள்ளே விடவில்லை. மூன்று மாதம் முடிந்ததும் இன்னும் மூன்று மாதம் நீட்டினார்கள், பிறகு ஒரு வருடம். ஒவ்வொரு தடவையும் புதுத்தாள் வரும்வரை அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிட்டதில்லை என்று ஆதிலட்சுமி சொல்வார்.

இது 1988. நான் போளூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அருணகிரிக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். அந்தக் கவுனை மூத்தது இரண்டு வருடம் போட்டது. பாஞ்சாலை அதே பள்ளியில் கைவேலை ஆசிரியையாக இருக்கிறார்; வேலை நிரந்தரமாகி நாலு வருடம் ஆகிறது. திருவண்ணாமலையில் பள்ளிக்குப் பின் தெருவில் வாடகை வீட்டில் அம்மாவோடு வசிக்கிறார்.